புத்தர் நடந்த ஊர்களில்: கருணையும் தெளிவும்

திங்கள், புத்தகயா

மகாபோதி கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்து, செருப்பைக் கழற்றி, வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. படம் எடுக்கும் கவலை போய்விட்டால் கண்ணுக்கு வேறு வேலை இல்லை, பார்ப்பது ஒன்றுதான்.

கோயிலின் பின்புறம் அரசமரம். புத்தர் அமர்ந்து ஞானம் பெற்ற அதே மரம் இல்லை இது. முன்பு நின்ற மரம் 1876இல் சாய்ந்துவிட, அதன் வழிவந்த கன்றைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1881இல் இங்கே நட்டார். சுற்றிலும் திபெத்தியர்கள் பலகை போட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். உள்ளங்கைக்குக் கீழே துணி, முட்டிக்குக் கீழே மெத்தை. பலகை பல்லாயிரம் கைகள் வழுக்கி வழுக்கி எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கிறது. 'சர்ர்' என்று கை நீளும் ஓசை நாள் முழுக்க ஓய்வதில்லை.

மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஓர் இலை விழுவதற்காகக் காத்திருக்கிறார்கள். பறிக்கக் கூடாது, விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஓர் இலை கிளையை விட்டதும் நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் எழும். நான் இருந்தபோது ஒன்று முன்னால் கண்மூடி அமர்ந்திருந்த ஒரு முதியவரின் தோளில் வந்து உட்கார்ந்தது. அவருக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த இளம்பெண் பாதி எழுந்துவிட்டாள், கையும் நீண்டுவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கண் திறக்கும்வரை காத்திருந்து, தோளைச் சுட்டிக் காட்டினாள். அவர் இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தன் மந்திர ஏட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது! பௌத்தத்தில் இதற்கு முதிதை என்று பெயர். அடுத்தவருக்குக் கிடைத்ததில் தன் மனம் நிறைவது. மைத்திரி என்னும் நட்புணர்வு, கருணை, முதிதை, உபேட்சை என்னும் சமநிலை என்று நான்கையும் சேர்த்துச் சொல்வார்கள். நான்கிலும் கடினமானது முதிதைதான் என்பது என் எண்ணம். துன்பப்படுபவரைக் கண்டு இரங்குவதைவிட, நமக்கு வேண்டியது பிறருக்குக் கிடைத்ததில் மகிழ்வது மிகக் கடினம்.

ஞானம் பெற்றபின் புத்தர் இங்குள்ள நிரஞ்சனை ஆற்றங்கரையில் அமர்ந்து சிந்தித்தது சார்பின் தோற்றத்தை, ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றுவதை. மணிமேகலை தரும் பன்னிரண்டு சார்புகளின் வரிசையில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நான்கு அடுத்தடுத்து வரும். இலை கண்ணில் பட்டது ஊறு. அது இனித்தது நுகர்வு. வேண்டும் என்று எழுந்தது வேட்கை. என்னுடையது என்று பிடிப்பது பற்று. அந்தப் பெண் வேட்கைக்கும் பற்றுக்கும் நடுவே நின்றுவிட்டாள். அன்றாட வாழ்க்கையில் நமக்கு வாய்க்கிற இடமும் அதுதான். கோபமூட்டும் செய்தி ஒன்று வந்ததும் பதில் தட்டச்சு செய்யப் போகும் விரலுக்கும் மனசுக்கும் இடையே ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அது இருப்பதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

செவ்வாய், சுஜாதை ஊர்

நிரஞ்சனை ஆற்றில் இப்போது மணல்தான் ஓடுகிறது. பாலத்தைக் கடந்தால் சுஜாதையின் பெயரில் ஒரு பெரிய செங்கல் தூபி.

ஆறு ஆண்டுகள் உடலை வருத்தி, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்த சித்தார்த்தர், இதனால் பயனில்லை என்று தெளிந்து உணவு உண்ணத் தொடங்கினார். சுஜாதை தந்த பாற்சோற்றை வாங்கி உண்டது இங்கேதான் என்பது மரபு. கூட இருந்த ஐந்து தவசிகளும், 'இவன் சுகத்துக்குத் திரும்பிவிட்டான்' என்று வெறுத்துப் பிரிந்து போனார்கள். அவருடைய கருணை முதலில் எட்டியது தன் உடம்பைத்தான். வீட்டில் எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்துவிட்டுத் தன் மாத்திரையைப் போட மறக்கிறவர்கள் இந்தத் தூபியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

தூபியைச் சுற்றி வருவதற்குள் சிறுவர் கூட்டம் சூழ்ந்துகொண்டது. நீட்டிய கைகள். எங்கள் குழுவில் சிலர் சில்லறை கொடுத்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை அக்கா ஒரு சிறுமியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் கையைப் பார்த்தோம், அவர் காலைப் பார்த்திருக்கிறார். கட்டைவிரலில் நகம் பெயர்ந்து, புண்ணில் மண் அப்பியிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெல்ல ஊற்றிக் கழுவி, கைப்பையிலிருந்த களிம்பைத் தடவி, கட்டுப் போட்டார். நடுநடுவே "வலிக்குதாடா கண்ணு?" என்று தமிழிலேயே கேட்டார். அவளும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுந்து போகும்போது அவள் கை நீட்டவில்லை. கட்டைக் காட்டத் தோழிகளிடம் ஓடிவிட்டாள்.

காசு கொடுப்பது தவறு என்று சொல்ல மாட்டேன், பல நேரம் அதுதான் தேவையாக இருக்கும். ஆனால் அதற்குமேல் பார்க்காமல் நகர்ந்துவிடுவதற்காகவே நாம் காசு கொடுக்கும் சமயங்களும் உண்டு. இந்த ஆளுக்கு இந்த நொடியில் என்ன தேவை என்று பார்க்கத் தெரிவதுதான் ஞானம். பார்த்ததைக் கையால் செய்வது கருணை. இரண்டையும் தனித்தனியாகப் பழக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன், ராஜகிருகம்

விடியும் முன்பே கிருத்ரகூட மலை ஏறினோம். கழுகு மலை. பிம்பிசார மன்னன் புத்தரைக் காணப் போட்ட பாதை என்று சொல்கிறார்கள். குழுவில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். முழங்கால் வலி. "நீங்க முன்னாடி போங்கம்மா, நான் மெதுவா வரேன்" என்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டே இருந்தார். நானும் ஆசிரியை அக்காவும் அவர் நடைக்கு நடந்தோம். மெதுவாக நடந்ததால்தான் பாதையோரப் பாறைக் குகைகளை நின்று பார்க்க முடிந்தது.

உச்சியில் செங்கல் மேடை, அவ்வளவுதான். பௌத்தத்தின் ஒரு பிரிவான மகாயான மரபில் பிரஜ்ஞாபாரமிதை இருதய சூத்திரம் இந்த மலையில் சொல்லப்பட்டது. எதற்கும் தனித்து நிற்கும் இயல்பு இல்லை என்னும் சூனியத்தைப் பற்றிய மிக நுட்பமான போதனை அது. அதைச் சொல்பவர் யார் என்று பாருங்கள்: அவலோகிதேசுவரர், கருணையின் போதிசத்துவர். கேட்பவர் சாரிபுத்திரர், அறிவில் முதல்வர் என்று புத்தரே பாராட்டிய சீடர். மாபெரும் அறிவாளிக்கு ஞானத்தைச் சொல்லித் தரும் பொறுப்பைக் கருணையிடம் கொடுத்திருக்கிறார்கள். மலையை விட்டு இறங்கும்வரை நான் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வேணுவனம். பிம்பிசாரன் புத்தத் துறவிகளின் சங்கத்துக்குக் கொடுத்த மூங்கில் தோப்பு. அபய இளவரசன் புத்தரிடம் கேட்ட கேள்வி இந்த இடத்தோடு சேர்ந்தது. பிறர் மனம் நோகும் சொல்லை ததாகதர், அதாவது புத்தர், சொல்வாரா, மாட்டாரா? ஆம் என்றாலும் மாட்டிக்கொள்வார், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வார் என்று திட்டமிட்டுக் கேட்கப்பட்ட கேள்வி. அபயனின் மடியில் ஒரு கைக்குழந்தை கிடந்தது. புத்தர் திருப்பிக் கேட்டார்: இந்தக் குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்? எடுத்துவிடுவேன் என்றான் அபயன். எடுக்க வரவில்லை என்றால்? இடக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலை வளைத்துவிட்டு, ரத்தம் வந்தாலும் எடுப்பேன். ஏன்? குழந்தைமேல் எனக்கு இரக்கம் இருக்கிறது.

பிறகு புத்தர் தன் பேச்சின் அளவுகோலைச் சொன்னார். உண்மையில்லாததைச் சொல்வதில்லை. உண்மையாக இருந்தும் பயன் தராததையும் சொல்வதில்லை. உண்மையும் பயனும் சேர்ந்திருந்தால், அது கேட்பவருக்கு இனித்தாலும் கசந்தாலும், சொல்வதற்கு உரிய நேரம் பார்த்துச் சொல்வேன்.

அன்பான பேச்சு என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த விரல் அவசியம் தெரிய வேண்டும். குடிப்பழக்கத்துக்கு அடிமையான தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது கருணை ஆகாது. அதே சமயம், தலையைத் தாங்கும் இடக்கையையும் மறந்துவிடக் கூடாது. நம்மில் பலர் வலக்கையை மட்டும் நீட்டுகிறோம். ஒரு கையால் தாங்காமல் மறு கையை வாய்க்குள் விட்டால் குழந்தை திமிறும், குச்சி இன்னும் உள்ளே போகும். விருந்தினர் முன்னால் பிள்ளையைத் திருத்துகிற பெற்றோர், கூட்டத்தில் வைத்துக் கீழே வேலை செய்பவரின் பிழையைச் சொல்கிற மேலாளர், இவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நேரம் பார்க்கவில்லை.

இதை நான் சொன்னதும் அந்த அம்மா, "நேரம் பார்க்கிறேன் பார்க்கிறேன்னு சொல்லாமலே விட்டுடறதும் உண்டும்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வியாழன், நாலந்தா, பிறகு சாலை

நாலந்தாவில் செங்கல் அறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இங்கே படித்த சீன யாத்திரிகர் சுவான்சாங், நாலந்தாவின் பேராசான் தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்து ஒருவர் இந்த முற்றங்களில் நின்று பாடம் சொல்லியிருக்கிறார் என்ற எண்ணமே நெஞ்சை நிறைத்தது.

சாந்திதேவரும் நாலந்தாவைச் சேர்ந்தவர். எட்டாம் நூற்றாண்டு. பொறுமையைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இது: சரிசெய்ய முடிந்த காரியம் என்றால் எதற்கு வருந்த வேண்டும்? முடியாத காரியம் என்றால் வருந்தி என்ன பயன்? படிக்கும்போது எளிது. இரவில் அதைப் பழக ஒரு வாய்ப்பு வந்தது.

காசிக்குப் போகும் வழியில் பனிமூட்டம். முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு கூடத் தெரியவில்லை. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னால் இருந்து முணுமுணுப்பு, பிறகு சத்தம். "இப்படியே நின்னா காலையில சாரநாத் எப்படிப் போறது? கேளுங்க அந்த ஆளை!" டிரைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரலின் சூடு புரிகிறது. அவரும் இந்தியில் குரலை உயர்த்தினார்.

குழுவில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து முன்னால் போய் எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்குகிறது, கண் சிவந்திருக்கிறது. தெரிந்த நாலு வார்த்தை இந்தியில், "பையா, கானா காயா?" என்றார். சாப்பிட்டீர்களா என்ற அந்த ஒரே கேள்வியில் டிரைவரின் தோள்கள் தளர்ந்தன. அவர் சாப்பிடவில்லை. விடிகாலையிலிருந்து வண்டியில்தான் இருக்கிறார். பிஸ்கட்டும் பழமும் கைமாறிக் கைமாறி முன்னால் போயின. பெரியவர் பின்னால் திரும்பி, "அவர் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். மூட்டம் விலகினதும் போகலாம். நாமளும் தூங்குவோம்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

எல்லோருக்கும் இருந்தது நேரம் போய்விடுமே என்ற பயம். அது கோபத்தின் வேஷத்தில் வந்தது. பெரியவர் அந்த வேஷத்தோடு சண்டைக்குப் போகவில்லை.

வெள்ளி, சாரநாத்

சொன்ன நேரத்தைவிட மிகத் தாமதமாக வந்தோம். தமேக் தூபி ஏறக்குறைய 44 மீட்டர் உயரம், கீழ்ப்பகுதிக் கல்லில் கொடியும் பூவும் வடிவக்கோலங்களும் செதுக்கியிருக்கிறார்கள். அசோகரின் நான்கு சிங்கங்கள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளிச்சம் குறைவதற்குள் தூபியைப் பார்த்து முடித்தோம்.

புத்தகயாவிலிருந்து இங்கே சுமார் 250 கிலோமீட்டர். அத்தனை தூரமும் அவர் நடந்து வந்தது, தன்னை வெறுத்துப் பிரிந்துபோன அந்த ஐந்து பேருக்காக. வழியில் உபகன் என்ற ஆசீவகத் துறவி எதிர்ப்பட்டான். ஞானம் பெற்றேன் என்று அவனிடம் சொன்னார். "இருக்கலாம் நண்பரே" என்று தலையை ஆட்டிவிட்டு அவன் வேறு வழியில் போய்விட்டான். புத்தர் தடுக்கவில்லை, வாதாடவில்லை, அவர் பாட்டுக்கு நடந்தார். நாம் நல்லது சொல்லி ஒருவர் கேட்காமல் போனால் எத்தனை நாள் அதை மனசில் வைத்துப் புழுங்குகிறோம்!

ஐவரும் அவர் வருவதைத் தூரத்தில் பார்த்ததும், எழக் கூடாது, வணங்கக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டார்கள். அருகில் வந்ததும் ஒருவர் பாத்திரத்தை வாங்க, ஒருவர் ஆசனம் போட, ஒருவர் கால் கழுவத் தண்ணீர் எடுக்க ஓடினார்கள். அவர்கள் பிரிந்து போனதைச் சொல்லி அவர் குறை கூறியதாக நான் படித்ததில்லை.

சனி, பஸ்ஸில்

நாள் முழுக்கப் பயணம். மைத்திரி தியானம் பழக பஸ்ஸைப் போல வசதியான இடம் வேறில்லை. மரபில் அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரியவருக்கு, நெருங்கியவருக்கு, விருப்பும் வெறுப்பும் இல்லாத நடுநிலையானவருக்கு, கடைசியாக, ஆகாதவருக்கு. எடுத்த எடுப்பில் ஆகாதவரிடம் தொடங்காதே என்று பழைய ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொன்னது அது. பகையாளியாவது நினைவில் இருக்கிறான், நடுநிலையானவர் நம் கண்ணிலேயே படுவதில்லை. தினமும் லிஃப்ட்டில் பார்க்கிறவர், குப்பை எடுக்க வருபவர். அவர்கள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால்தான் எவ்வளவு பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று தெரியும்.

ஞாயிறு, சிராவஸ்தி

ஜேதவனம். வணிகர் அனாதபிண்டிகர் பொன்னைப் பரப்பி வாங்கிய தோப்பு என்பது மரபு. புத்தர் தம் மழைக்காலங்களில் மிகுதியை இந்த ஊரில்தான் கழித்தார். இந்த வனத்தின் வடகிழக்கில் ஒரு தூபியைக் கண்டதாகவும், நோயுற்ற பிக்குவை புத்தர் தண்ணீர் விட்டுக் கழுவிய இடம் அது என்றும் சுவான்சாங் எழுதியிருக்கிறார்.

துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல் சொல்லும் கதை இது. வயிற்றுப்போக்கு வந்த ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். கேட்பாரில்லை. சங்கத்துக்கு இவரால் ஒரு பயனும் இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தம் அணுக்கச் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். அவர் தலைப்பக்கம் பிடிக்க, ஆனந்தர் கால்பக்கம் பிடிக்க, தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகுதான் சங்கத்தைக் கூட்டுகிறார். உங்களைக் கவனிக்கத் தாயுமில்லை, தந்தையுமில்லை. ஒருவரை ஒருவர் நீங்கள் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்.

அதோடு நிற்காமல், நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய தகுதிகளையும் சொல்கிறார். மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, ஒத்ததைக் கொடுத்து ஒவ்வாததை விலக்க வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் எதற்கும் அருவருப்பு கூடாது. அவ்வப்போது நல்ல பேச்சால் தேற்றத் தெரிய வேண்டும். வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிற எல்லோரும் இதைப் படித்தால் கண் கலங்குவார்கள். இவர்கள் செய்வதை வேலை என்றுகூட யாரும் சொல்வதில்லை, புத்தர் அதைத் தனக்குச் செய்யும் பணிவிடைக்குச் சமமாக வைத்தார். இந்தத் தகுதிகளில் அறிவு எது, அன்பு எது என்று பிரித்துப் பாருங்கள். பிரிக்க வராது.

திங்கள், குசிநகர்

புத்தர் உயிர் நீத்த ஊர். கிடந்த கோலத்தில் புத்தர் சிலை, ஆறு மீட்டருக்கும் சற்றுக் கூடுதல் நீளம். வலப்பக்கம் சாய்ந்து, கன்னத்தின் கீழ் கை. கழுத்துவரை பொன்னிறப் போர்வை. கால்மாட்டில் நின்று பார்த்தால் உள்ளங்கால் மட்டும் தெரிகிறது.

நாங்கள் வெளியே புல்தரையில் உட்கார்ந்து சுந்தனைப் பற்றிப் பேசினோம். பாவா என்ற ஊரின் கொல்லன் மகன். அவன் வீட்டில் உண்ட உணவுக்குப் பிறகுதான் புத்தருக்குக் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டது. அந்த வலியோடு குசிநகர் நோக்கி நடந்துவரும்போது அவர் ஆனந்தரிடம் சொன்னது: நான் கொடுத்ததை உண்டுதானே ததாகதர் இறந்தார் என்று சுந்தன் வருந்தக்கூடும். அல்லது யாராவது அவனை அப்படி வருந்த வைக்கக்கூடும். அவனிடம் போய்ச் சொல். இரண்டு உணவுகள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரும்பயன் தருபவை. ஒன்று ஞானம் பெறுமுன் உண்டது, மற்றது பரிநிர்வாணம் என்னும் இறுதி மறைவுக்குமுன் உண்டது. இரண்டும் சமம்.

உயிர் போகிற வேளையில், தான் போனபின் ஒருவன் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வான் என்று முன்கூட்டியே பார்க்கிறார். பார்த்து, அதற்கு மருந்தையும் அனுப்பி வைக்கிறார்.

முழங்கால் வலி அம்மா, "நிஜமாவே அப்படிச் சொன்னாராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

அவர் கணவர் இறந்தது ஓர் இரவில். நெஞ்சு வலி என்று சொன்னதும் மகன், வாயுவாக இருக்கும், காலையில் டாக்டரிடம் போகலாம் என்றிருக்கிறான். விடியவில்லை. "அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. நானும் சொல்லலை. சொல்லாம இருந்தா போதும்னு நினைச்சேன். ஆனா அவன் அன்னிலேர்ந்து அப்பா படத்துக்கு முன்னாடி நிக்கறதில்லை." அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதைத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்றார்.

கைபேசியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். ஆசிரியை அக்கா எழுந்து கூடப் போகப் பார்த்து, நின்றுவிட்டார். "உன்மேல தப்பில்லடா... இல்லடா, கேளு, நானும்தானே கூட இருந்தேன், எனக்கும் வாயுன்னுதான் தோணிச்சு..." என்பது மட்டும் எங்கள் காதில் விழுந்தது.

பஸ் கிளம்பும் நேரம் தாண்டியது. டிரைவர் தூரத்தில் அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டில்களை நிரப்ப ஆரம்பித்தார். அம்மா திரும்பி வந்ததும் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "அந்தக் கொல்லன் பேரு, அந்த ஊரு, எல்லாத்தையும் பெரிய எழுத்துல எழுதிக் குடும்மா. அவன் நம்ப மாட்டேங்கறான்."